கோணல் மனையும் கொசைன் விதியும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் — கணிதம்)

முக்கோணம் ஒன்று வரையச் சொன்னால் நம்மில் பத்துப் பேரில் எட்டுப் பேர் செங்கோண முக்கோணத்தையே வரைவோம். கரும்பலகையில் கண்டு பழகிய கை அது. அடிப்பக்கம், குத்துக்கோடு, கர்ணம் என்ற மூன்றையும் எட்டாம் வகுப்பிலிருந்து எழுதி எழுதி, முக்கோணம் என்றாலே ஒரு மூலை சதுரமாகத்தான் இருக்கும் என்று உள்ளுக்குள் நம்பத் தொடங்கிவிட்டோம். ஆனால் வகுப்பறைக் கதவைத் தாண்டி வெளியே வந்து பாருங்கள். வயல் வரப்பு செங்கோணத்தில் திரும்புவதில்லை. ஏரிக்கரை செங்கோணத்தில் வளைவதில்லை. சாலை சாலையோடு சேருமிடத்தில் இருப்பதெல்லாம் கோணல்தான். செங்கோணம் என்பது மனிதன் முயன்று உண்டாக்குவது. அவன் முயலாத இடத்தில் எல்லாம் இருப்பது செங்கோணமில்லா முக்கோணமே.

அந்த முக்கோணத்துக்கு உரிய கணிதம் இரண்டே இரண்டு விதிகளில் அடங்கியிருக்கிறது. ஒன்று சைன் விதி; மற்றொன்று கொசைன் விதி. இவ்விரண்டையும் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மேல்நிலை வகுப்பில் படித்தோம், தேர்வில் எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம், மறந்தோம். நாம் இவற்றைக் கற்ற முறை தவறு; கற்பிக்கும் முறை மாறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இக்கருத்துக்கு நான் வந்து சேர்ந்தது நூலகத்தில் அன்று. முள் செடி மண்டிய ஒரு மனைக்கட்டில்.

மேஸ்திரி தந்த பாடம்

என் தந்தையார் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதுபவர். நாளிறுதியில் கால் ரூபாய் இடித்தாலும் வீட்டுக்கு வரமாட்டார். அவர் 32 ஆண்டுகள் சேர்த்த பணத்தில் சென்ற ஆண்டு ஒரு மனை வாங்கினார். அறுபதுக்கு நாற்பது, அதாவது 2,400 சதுர அடி. நம் பக்கத்தில் இதைத்தான் ‘ஒரு மனை’ என்று சொல்கிறோம். பத்திரத்தில் வடபுறம் கீழ்மேல் 60 அடி, தென்புறம் கீழ்மேல் 60 அடி, கீழ்புறம் தென்வடல் 40 அடி, மேல்புறம் தென்வடல் 40 அடி என்று தெளிவாக எழுதியிருந்தது. பதிவுக்கு முன்னால் நானும் உடன் சென்று நாடாவைப் பிடித்தேன். நான்கு பக்கமும் அங்குலம் பிசகவில்லை. “கணக்குப் படிக்கிற பிள்ளை அளந்தாச்சு, இனி என்ன?” என்று அப்பா பெருமையாகச் சொன்னார்.

கடைக்கால் தோண்ட நாள் பார்த்து மேஸ்திரியை அழைத்து வந்தோம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். வந்தவர் நான்கு பக்கத்தையும் அளக்கவில்லை. ஒரு மூலைக் கல்லில் நாடாவின் முனையைப் பிடிக்கச் சொல்லி, குறுக்கே நடந்து எதிர்மூலைக் கல்லில் நின்றார். 80 அடி. பிறகு மற்ற இரு மூலைகளுக்கும் குறுக்கே பிடித்தார். 63 அடி 3 அங்குலம்.

“தம்பி, மனை கோணல். மூலைமட்டம் இல்லே. குறுக்கு ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் சதுரம்” என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. இணைகரத்தின் மூலைவிட்டங்கள் சமமானால்தான் அது செவ்வகம் என்ற தேற்றத்தை நான் நிறுவிக் காட்டி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் மனைக்கட்டில் நின்றபோது அந்தத் தேற்றம் என் நினைவுக்கு வரவில்லை. அது ஒரு தாளில் உள்ள தேற்றம். இது தரையில் உள்ள மனை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு யாரும் பழக்கவில்லை, நானும் பழகிக்கொள்ளவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து கணக்கிட்டேன். 80 அடி மூலைவிட்டம் மனையை இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றின் பக்கங்களும் 60, 40, 80. கொசைன் விதி என்ன சொல்கிறது? ஒரு பக்கத்தின் வர்க்கம், மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அவ்விரு பக்கங்களின் பெருக்கலின் இருமடங்கை இடைக்கோணத்தின் கொசைனால் பெருக்கிக் கழித்தால் கிடைப்பது. எனவே அந்தக் கொசைன், 3,600உடன் 1,600ஐக் கூட்டி 6,400ஐக் கழித்து 4,800ஆல் வகுத்தது. அதாவது குறை கால். மதிப்பு குறையாக வந்ததுமே விதி தன் செய்தியைச் சொல்லிவிட்டது: இந்த மூலை விரிகோணம். அட்டவணையைப் பார்த்தால் 104 பாகை 29 கலை. அதன் சைன் 0.968. இரு பக்கப் பெருக்கலில் பாதியை இடைக்கோணத்தின் சைனால் பெருக்கினால் முக்கோணத்தின் பரப்பு. இரண்டு முக்கோணங்களுக்கும் சேர்த்து 2,400 பெருக்கல் 0.968. ஏறத்தாழ 2,324 சதுர அடி.

பத்திரத்தில் 2,400, தரையில் 2,324. குறைவு 76 சதுர அடி. ஒரு சமையலறை அளவு. நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். 32 ஆண்டுச் சேமிப்பில் ஓராண்டு உழைப்பு எங்கும் போகவில்லை, யாரும் திருடவில்லை; கோணத்தில் கரைந்துவிட்டது. பரப்பு மட்டுமா? மனை 10 அடி சாய்ந்திருக்கிறது. சதுரமாக வீடு கட்டினால் இரு முனைகளிலும் ஆப்பு வடிவில் நிலம் வீணாகும். வீட்டையே கோணலாகக் கட்டினால் அலமாரிகூட மூலையில் ஒட்டி நிற்காது.

மனையை விற்றவரிடம் அப்பா கேட்டபோது அவர் சொன்ன விடையை நான் மறக்கமாட்டேன். “நாலு பக்கமும் சரியா இருக்கா, இல்லையா?” என்றார். சரியாகத்தான் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன உண்மையில் ஒரு மூலைவிட்டம் குறைவு, அவ்வளவுதான்.

நான்கு பக்கம் போதாது

இதில் உள்ள கணிதம் மிக எளிது. மூன்று குச்சிகளை முனைகளில் ஆணியடித்து முக்கோணமாக்கினால் அது அசையாது. நான்கு குச்சிகளை அவ்வாறு அடித்தால் அது ஆடும். தச்சர் கதவுச் சட்டத்தை இடம் மாற்றும்போது குறுக்கே ஒரு ரீப்பர் அடித்து வைப்பதும், கொட்டகைக் கூரைக்குக் குறுக்குக் கட்டை கொடுப்பதும் இதற்காகவே. மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் ஒன்றுதான். கொசைன் விதி அதன் மூன்று கோணங்களையும் கொடுத்துவிடும். நான்கு பக்கம் தெரிந்தால் நாற்கரம் ஒன்றல்ல, எண்ணற்றவை. 60, 40, 60, 40 என்ற பக்கங்களுக்கு 2,400 சதுர அடியும் உண்டு. 1,200 சதுர அடியும் உண்டு. மூலை 30 பாகைக்குச் சாய்ந்தால் பாதி நிலம் போயிற்று. நான்கு பக்கமும் அப்படியே நிற்கும்.

பக்கங்கள் சமமில்லாத நிலத்துக்கு நம் ஊர்களில் சராசரி முறையைக் கையாளுகிறார்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு பாதிகளையும் பெருக்குவது. இது பழைய வழக்கம். கி.பி. 628இல் பிரம்மகுப்தர் தம் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இதைப் பருமட்டான பரப்பு என்று குறிப்பிட்டு, நுட்பமான பரப்புக்குப் பக்கங்களின் கூட்டலில் பாதியைக் கொண்டு வேறொரு சூத்திரம் கூறினார். அந்தச் சூத்திரம் முக்கோணத்துக்கு எப்போதும் பொருந்தும். நாற்கரத்துக்கோ, நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின்மேல் அமைந்தால்தான் பொருந்தும். எங்கள் மனைக்கு அதைப் போட்டாலும் 2,400தான் வருகிறது. ஏனெனில் அந்தப் பக்கங்களைக் கொண்டு அடையக்கூடிய மிகப் பெரிய பரப்பையே அது தருகிறது.

சராசரி முறையின் பிழை எந்தப் பக்கம் சாயும்? இதைப் பலரும் எண்ணிப் பார்த்ததில்லை. பக்கங்களை வரிசையாக அ, ஆ, இ, ஈ என்போம். ஒரு மூலைவிட்டத்தால் வெட்டினால், பரப்பு என்பது அ, ஆ பெருக்கலின் பாதியும் இ, ஈ பெருக்கலின் பாதியும், ஒவ்வொன்றும் தத்தம் கோணத்தின் சைனால் பெருக்கப்பட்டுக் கூடியது. சைன் ஒருபோதும் ஒன்றைத் தாண்டாது. எனவே பரப்பு அவ்விரு பாதிகளின் கூட்டலுக்கு மேற்படாது. மற்ற மூலைவிட்டத்தால் வெட்டினால் ஆ, இ பெருக்கலின் பாதிக்கும் ஈ, அ பெருக்கலின் பாதிக்கும் மேற்படாது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். கிடைப்பது அதே சராசரிப் பெருக்கல்தான். ஆகவே சராசரி முறை நிலத்தை ஒருநாளும் குறைத்துக் காட்டாது. நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால் சரியாகக் காட்டும். மற்றெல்லாச் சமயத்திலும் கூட்டியே காட்டும். வாங்குபவனுக்கு நட்டம், விற்பவனுக்கு இலாபம். பிழை என்றால் இருபக்கமும் அல்லவா சாயவேண்டும்? இது ஒரே பக்கம் சாயும் தராசு. இதை நிறுவ நமக்குத் தேவைப்பட்டது சைன் ஒன்றைத் தாண்டாது என்ற ஒரே உண்மை. இத்தகைய ஒன்றை வகுப்பில் ஒருமுறை கேட்டிருந்தால் நான் மனைக்கட்டில் தலைகுனிந்திருக்கமாட்டேன்.

எட்டாத இடத்தை எட்டும் விதி

கொசைன் விதி நாடா எட்டும் இடத்துக்கு. சைன் விதி நாடா எட்டாத இடத்துக்கு. ஒரு முக்கோணத்தில் எந்தப் பக்கத்தையும் அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே எண் வரும் என்பது அவ்விதி. இதைச் சொல்லளவில் மனப்பாடம் செய்துவிடுகிறோம். அதன் அருமை, ஏரிக்கரையில் நின்றால் தெரியும்.

அக்கரையில் ஒரு பனை நிற்கிறது. நீரில் இறங்காமல் அதன் தூரத்தைக் காணவேண்டும். இக்கரையில் 200 மீட்டர் நீளத்துக்கு நேராக ஒரு கோடு அளந்துகொள்கிறோம். கோட்டின் ஒரு முனையில் நின்று பார்க்கையில் பனை 64 பாகையில் தெரிகிறது. மறுமுனையில் 71 பாகை. மீதிக் கோணம் 45 என்பது சொல்லாமலே விளங்கும். 200ஐ 45 பாகையின் சைனால் வகுத்து, 71 பாகையின் சைனால் பெருக்கினால் முதல் முனையிலிருந்து பனை 267 மீட்டர். அதை 64 பாகையின் சைனால் பெருக்கினால் ஏரியின் குறுக்களவு ஏறத்தாழ 240 மீட்டர். கால் நனையவில்லை.

இதிலும் பாடப்புத்தகம் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. இரண்டாம் கோணத்தை அளக்கையில் அரைப் பாகை தவறிவிட்டது என்று கொள்வோம். 71க்குப் பதில் எழுபத்தொன்றரை. கணக்கு 267க்குப் பதில் 271 மீட்டர் என்று வரும், பெரிய கேடில்லை. ஆனால் அதே 200 மீட்டர்க் கோட்டிலிருந்து தொலைவிலுள்ள ஒரு மலையுச்சியைப் பார்க்கிறோம்; இருமுனையிலும் 89 பாகை. உச்சிக்கோணம் 2 பாகை. தூரம் ஏறத்தாழ 5,730 மீட்டர். இப்போது அரைப் பாகை தவறினால்? 7,640 மீட்டர்! அரைப் பாகைக்கு இரண்டு கிலோமீட்டர் பிழை. விதி ஒன்றே, முக்கோணம்தான் நோஞ்சான். இதனாலேயே நில அளவையாளர் 30 பாகைக்குக் குறைந்த கோணமும் 120 பாகைக்கு மிகுந்த கோணமும் உள்ள முக்கோணத்தைத் தவிர்க்கிறார்கள். விடை தரும் முக்கோணம் வேறு, நம்பத்தகுந்த விடை தரும் முக்கோணம் வேறு என்பதை நம் தேர்வுத்தாள் எப்போதாவது கேட்டதுண்டா?

பரங்கிமலையில் தொடங்கிய கோடு

இந்த விதிகளின் மாபெரும் சோதனை நம் மண்ணில் தொடங்கியது என்பதை நம் கணித மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? 1802 ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, சென்னைப் பரங்கிமலையின் அருகே தொடங்கிப் பெரும்பாக்கம் குன்று நோக்கி ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் சங்கிலி நீளும் அளவைக்கூடக் கணக்கில் சேர்த்தார்கள். அந்த ஒரு கோடு கிடைத்தபின் ஒவ்வொரு பக்கத்தையும் சங்கிலி பிடித்து அளக்கத் தேவையில்லாமற்போயிற்று. குன்றின்மேலும் கோபுரத்தின்மேலும் நின்று கோணங்களை மட்டும் அளந்து, சைன் விதியால் ஒரு முக்கோணத்தின் பக்கத்திலிருந்து அடுத்த முக்கோணத்தின் பக்கத்தைக் கணக்கிட்டு, சங்கிலித் தொடராக நாட்டை அளந்தார்கள். இடையிடையே ஒரு கோட்டைத் தரையில் அளந்து, கணக்கு சரியா என்று ஒத்துப் பார்த்தார்கள்.

கோணம் அளந்த தியோடலைட் கருவி ஏறத்தாழ அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றுகையில் கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் தாமே அமர்ந்து அதை மெல்ல மெல்லச் சீர்செய்தார். 1823இல் பணியினிடையே இறந்தார். அவருக்குப்பின் எவரெஸ்ட் அப்பணியை வடக்கே கொண்டுசென்றார். தூக்கியும் சுமந்தும் காடு வெட்டியும் காய்ச்சலில் மாண்டும் இம்முக்கோணங்களை எழுப்பிய நம் நாட்டுக் கூலியாட்களின் பெயர்களோ பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை.

பூமி உருண்டை என்பதால் பெரிய முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகைக்குச் சற்று மிகும். ஏறத்தாழ 76 சதுர மைல் பரப்புக்கு ஒரு விகலை மிகை. அந்த மிகையை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு கோணத்திலும் கழித்துவிட்டால் நம் சாதாரண சைன் விதியையே பயன்படுத்தலாம் என்று 1787இல் லெஜாந்தர் காட்டியிருந்தார். இவ்வாறு நீண்ட முக்கோணத் தொடரின் முடிவில், 100 மைலுக்கும் அப்பாலிருந்து பார்த்த கோணங்களைக் கொண்டு, 1852இல் வங்கக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார் இமயத்தின் 15ஆம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது என்று கண்டார். 1856இல் வெளியிடப்பட்ட உயரம் 29,002 அடி. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் செயற்கைக்கோள் கருவிகளின் துணையோடு அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 9 மீட்டர்தான். காலடி படாத சிகரத்தைக் கோணத்தாலேயே அளந்த கணிதம் அது. அதைத்தான் நாம் ‘ஐந்து மதிப்பெண் வினா’ என்று அழைத்து வருகிறோம்.

இரண்டு விடையின் நேர்மை

சைன் விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம், மாணவர்கள் மிகவும் வெறுக்கும் இடமே. இரண்டு பக்கமும், அவற்றில் ஒன்றின் எதிர்க்கோணமும் கொடுக்கப்பட்டால் முக்கோணம் ஒன்றா, இரண்டா, இல்லவேயில்லையா என்ற ஐயநிலை. ஒரு கோணம் 30 பாகை. அதன் எதிர்ப்பக்கம் 6. மற்றொரு பக்கம் 10. அந்த 10இன் எதிர்க்கோணத்தின் சைன் 0.8333. கணிப்பொறியைத் தட்டினால் 56 பாகை 27 கலை என்று ஒரே விடை சொல்லும். ஆனால் 123 பாகை 33 கலைக்கும் அதே சைன்தான். இரண்டும் பொருந்தும். மூன்றாம் பக்கம் முதல் முக்கோணத்தில் ஏறத்தாழ 11.98, இரண்டாவதில் 5.34. எதிர்ப்பக்கம் 6க்குப் பதில் 5 என்றால் ஒரே முக்கோணம்; 5க்கும் குறைந்தால் முக்கோணமே இல்லை.

நான் பள்ளியில் படித்தபோது ஒரு தேர்வில் முதல் விடையை மட்டும் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அன்று மகிழ்ந்தேன். இன்று எண்ணிப் பார்த்தால் அதுவே என் மனைக்கட்டுத் தவறின் விதை என்று தோன்றுகிறது. கொடுத்த செய்தி ஒரு முடிவுக்குப் போதுமா என்று கேட்காமலே விடை எழுதப் பழகினேன். நான்கு பக்கம் கொடுத்தார்கள். 2,400 என்று நானும் எழுதிக்கொண்டேன். “இந்தச் செய்தி போதாது, இன்னும் ஒன்று வேண்டும்” என்று சொல்வதும் ஒரு விடைதான், பல சமயம் அதுவே சரியான விடை. பத்திரத்திலும், பத்திரிகைச் செய்தியிலும், மேடைப் பேச்சிலும் நமக்குக் கொடுக்கப்படும் நான்கு பக்கங்களைக் கண்டு மயங்காமல் “மூலைவிட்டம் எங்கே?” என்று கேட்கும் பழக்கத்தைக் கணிதம் தராவிட்டால் வேறு எந்தப் பாடம் தரும்?

நம் பாடமுறை பற்றி

இனி என் குறைபாட்டை நேராகவே சொல்லிவிடுகிறேன். முக்கோணங்களின் பண்புகள் என்ற பகுதியில் நாம் செய்யும் கணக்குகளில் பெரும்பாலானவை ‘நிறுவுக’ என்று முடிபவை. இடப்பக்கத்தை உருட்டி வலப்பக்கமாக்குவது. அதில் பயிற்சி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அம்முக்கோணத்துக்குத் தரையில்லை. வீழல் சூத்திரம், நேப்பியர் சூத்திரம், அரைக்கோணச் சூத்திரங்கள் என்று அடுக்கி மனப்பாடம் செய்கிறோம். நேப்பியர் சூத்திரம் எதற்காகப் போற்றப்பட்டது? மடக்கை அட்டவணை கொண்டு கணக்கிட்ட நாளில் பெருக்கலும் வகுத்தலும் எளிது. கொசைன் விதியில் வரும் கூட்டல் கழித்தல் தொல்லை. அத்தொல்லையைத் தவிர்க்கவே அச்சூத்திரம் பயன்பட்டது. மடக்கை அட்டவணை போய்விட்டது. காரணம் சொல்லப்படாமல் சூத்திரம் மட்டும் நிற்கிறது. காரணம் தெரியாத சூத்திரம் பாரம். தெரிந்தால் அதுவே வரலாறு.

சைன் என்ற சொல்லே நம்மிடமிருந்து புறப்பட்டது. 499இல் ஆரியபட்டர் 24 மதிப்புகள் கொண்டு அமைத்த அட்டவணை, நாண் எனப் பொருள்படும் ‘ஜ்யா’ வின் அட்டவணை. அச்சொல் அரபு மொழிக்குப் போய், அங்கிருந்து இலத்தீனுக்குப் பெயர்க்கப்படுகையில் வேறு சொல்லாகத் தவறாகப் படிக்கப்பட்டு, ‘சைனஸ்’ ஆகி, நம் கையிலேயே ‘சைன்’ என்று திரும்பி வந்தது. கொசைன் விதியின் கருவை யூக்ளிட் தம் இரண்டாம் நூலில் பரப்புகளின் மொழியில் கூறியிருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்க்கந்தில் பணியாற்றிய அல்-காஷியின் பெயராலேயே பிரெஞ்சுக்காரர் இன்றும் அவ்விதியை அழைக்கின்றனர். இத்தனை கைகள் மாறி வந்த செல்வத்தை நாம் ஒரு வரியில் பெற்று ஒரு வரியில் திருப்பித் தருகிறோம்.

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். “நாம் கணிதம் படிக்க வந்தோம், நில அளவைக்கு அல்ல” என்பார் ஒரு நண்பர். உண்மையே. ஆனால் தரையைத் தொட்டால் கணிதத்தின் தூய்மை கெட்டுவிடாது. சராசரி முறை கூட்டியே காட்டும் என்ற மேற்கண்ட நிறுவலில் எந்தத் தூய்மை குறைந்தது? “இன்று எல்லாவற்றையும் கருவி பார்த்துக்கொள்கிறது, டோட்டல் ஸ்டேஷனும் செயற்கைக்கோளும் இருக்கையில் இந்த விதிகள் எதற்கு?” என்பார் மற்றொருவர். டோட்டல் ஸ்டேஷன் கருவி, தான் நிற்குமிடத்திலிருந்து இரண்டு புள்ளிகளின் தூரத்தையும் இடைக்கோணத்தையும் அளந்து அப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரத்தைச் சொல்கிறதே, உள்ளே நடப்பது கொசைன் விதியன்றி வேறென்ன? கருவி கணக்குப் போடும். எந்தக் கணக்கைப் போடவேண்டும் என்று கேட்பவன் மனிதன்தான். எங்கள் மனைக்கட்டில் நாடா இருந்தது. குறுக்கே பிடிக்கவேண்டும் என்ற எண்ணம்தான் இல்லை. “நேரமில்லை, பாடத்திட்டம் பெரிது” என்ற பேராசிரியர்களின் மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழு விடையில்லை. அவர்கள் சுமை எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பிற்பகலைக் கேட்கும் உரிமை எனக்குண்டு என்று எண்ணுகிறேன்.

நாம் செய்யக்கூடியது

நான் வேண்டுவது மூன்றுதான்.

முதலாவது, முதலாண்டு மாணவர்களை ஆண்டில் ஒரு பிற்பகல் நம் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்வோம். ஒரு நூறடி நாடா, நான்கு கம்புகள், அட்டையில் வரைந்த ஒரு பெரிய கோணமானி, நடுவில் ஆணியடித்த ஒரு பார்வைக் குச்சி. இவ்வளவே போதும், செலவு அதிகமில்லை. திடலின் நான்கு பக்கத்தையும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்கட்டும். ஒரு மூலைவிட்டத்தைக் கொண்டு கணக்கிட்டு, மற்றதை அளந்து ஒத்துப் பார்க்கட்டும். ஒத்துவராது. ஏன் ஒத்துவரவில்லை என்று அவர்கள் வாதிடும் அரை மணி நேரமே அந்த ஆண்டின் நல்ல வகுப்பாக இருக்கும்.

இரண்டாவது, நம் உள்தேர்வுகளிலாவது செய்தி குறைவான கணக்கு ஒன்றைக் கொடுப்போம். “தீர்வு காண இயலாது, காரணம் இது” என்று எழுதுபவனுக்கு முழு மதிப்பெண் கொடுப்போம்.

மூன்றாவது, நம் கணித மன்றத்தின் சார்பில், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும் ஊர்களில் ஓர் எளிய செய்தியைச் சொல்வோம்: நிலம் வாங்குமுன் நான்கு பக்கத்தோடு குறுக்களவையும் அளந்து பாருங்கள், பத்திரத்தில் அதையும் எழுதச் சொல்லுங்கள். அரசின் புலப்படத்தைப் பார்த்தால் அதில் நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்தே அளந்திருப்பது தெரியும். அளவைத் துறை அறிந்த உண்மை, மனை வாங்கும் எளியவர்க்கும் தெரிய வேண்டாமா? ஊருக்கு ஐந்து பேர் மூலைவிட்டத்தைக் கேட்கத் தொடங்கினால் போதும்; விற்பவர்களே அதைப் படத்தில் போட்டுக்கொண்டு வருவார்கள்.

எங்கள் வீடு இப்போது எழும்பிக்கொண்டிருக்கிறது. மேஸ்திரி முன்கட்டைச் சதுரமாக்கி, ஆப்பு வடிவில் மிஞ்சிய ஒரு முனையில் கிணற்றடியையும் மறுமுனையில் ஒரு முருங்கைக்கும் வாழைக்கும் இடத்தையும் ஒதுக்கிவிட்டார். அப்பா அந்த 76 சதுர அடியைப் பற்றி இப்போது பேசுவதில்லை. ஆனால் சென்ற மாதம் அவருடைய கடையில் வேலை செய்யும் ஒருவர் மனை பார்க்கக் கிளம்பியபோது, அப்பா அவரை நிறுத்தி, “குறுக்கால புடிச்சுப் பாருங்க, பையனையும் கூட்டிட்டுப் போங்க” என்றாராம். போனேன். அந்த மனையின் குறுக்களவு இரண்டும் 72 அடி 1 அங்குலம். 60, 40 பக்கங்கொண்ட செவ்வகத்துக்கு அதுதான் கணக்கு. “வாங்கலாம், அண்ணே” என்றேன். மூன்றாண்டுக் கணிதப் படிப்பில் நான் முழு நம்பிக்கையோடு சொன்ன முதல் விடை அது.